கண்ணே சிவக்கலையே டாக்டர்?

இந்த மாதத்தில் மூன்றாவது ஆள். வயது 26, சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை. இரண்டு மாதமாகக் கண்முன் கொசு பறப்பதுபோல் தெரிந்திருக்கிறது. உடம்புச் சூடு என்று சனிக்கிழமை தவறாமல் எண்ணெய்க் குளியல். மருந்துக்கடையில் சொட்டு மருந்து. ஒருநாள் காலை வலது கண் புகைமூட்டமானதும்தான் வந்தார். உள்ளே முழுக்க ரத்தம். "நல்லா இருக்கு" என்ற இடது கண்ணிலும் விழித்திரை ஓரத்துச் சிரைகளைச் சுற்றி வெள்ளை உறை.

அந்த உறைதான் அழற்சியால் கூடும் வெள்ளையணுக்கள். குழாயைச் சுற்றிக் கூடி, அதை அடைத்து, பிறகு புதிதாக முளைக்கும் நோஞ்சான் குழாய்கள் உடைந்து ரத்தம் கசிகிறது. ஈல்ஸ் நோய். நம் நாட்டில் இளைஞர்களிடம்தான் அதிகம். பெரும்பாலும் இரண்டு கண்ணையும் பிடிக்கும்.

"கண்ணே சிவக்கலையே, வலிக்கலையே!" எத்தனை முறைதான் கேட்பது? சிவப்பது கண்ணின் வெளித்தோல். விழித்திரை இருப்பது பின்சுவரில். அதற்கு வலி தெரியாது. உள்ளே பற்றி எரிந்தாலும் வெளியே கண் வெள்ளையாகவே இருக்கும். நீங்கள் விடும் சொட்டு முன்பக்கத்தோடு நின்றுவிடும். பாட்டில் பாட்டிலாக விட்டாலும் அவ்வளவுதான். 1880-ல் பர்மிங்காமில் இந்த நோயை விவரித்த ஹென்றி ஈல்ஸும் மலச்சிக்கலையும் மூக்கில் ரத்தம் வடிவதையும்தான் சேர்த்துச் சொன்னார், அழற்சியைச் சொல்லவில்லை. அது அந்தக் காலம், அவரை மன்னிக்கலாம்.

அடுத்த சண்டை, காசநோய்ப் பரிசோதனை. "இருமலே இல்லையே!" இருமல் வேண்டியதில்லை. காசநோய்க் கிருமியின் புரதத்தின்மீது உடம்பு காட்டும் அதீத எதிர்ப்பும் ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. அதனால் மாண்டூ என்ற காசநோய்த் தோல் பரிசோதனை, நெஞ்சு எக்ஸ்ரே. பால்வினை நோய்க்கான ரத்தப் பரிசோதனையும் எழுதுவோம்; கோபப்படாதீர்கள், எல்லோருக்கும் எழுதுவதுதான். கண்ணுக்கு ஆஞ்சியோகிராம் (சாயத்தை ஊசியில் ஏற்றி விழித்திரைக் குழாய்களைப் படமெடுப்பது) எடுத்தால் ஒருநாள் சிறுநீர் மஞ்சளாகப் போகும். இதைச் சொல்ல மறந்தால் ராத்திரி எனக்கு போன் வரும்.

அழற்சியைக் குறைக்கத் தரும் ஸ்டீராய்டு மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், தயவுசெய்து. குறைத்துக் குறைத்துத்தான் நிறுத்த வேண்டும். லேசர் போட்டும் பார்வை கூடவில்லை என்று வருத்தப்படுகிறார்கள். அது மறுபடி ரத்தம் கசியாமல் தடுக்கத்தான்.

கொசு, நூல், புகை என்று புதிதாக எது தெரிந்தாலும் அந்த வாரமே வாருங்கள். பைக் ஓட்டிக்கொண்டு வராதீர்கள். பரிசோதனைக்காகக் கண் பாப்பாவை விரிக்கச் சொட்டு விட்டால் சில மணி நேரம் கண் கூசும். கூட ஒருவரை அழைத்து வாருங்கள்.