ஒன்ராறியோ உணவகத்துக்கு வைன் கொண்டுபோகலாமா, மிச்சத்தை எடுத்துவரலாமா?

கடையில் வாங்கிய வைன் போத்தலை உணவகத்துக்குக் கொண்டுபோய்ச் சாப்பாட்டோடு குடிக்க, ஒன்ராறியோவில் 2005 ஜனவரியிலிருந்து சட்டம் இடம் தருகிறது. ஆனால் அந்த அனுமதி உணவகத்துக்குரியது, வாடிக்கையாளரின் உரிமை அல்ல. மதுபான உரிமம் வைத்திருக்கும் உணவகம், மாகாணத்தின் மது, சூதாட்ட ஆணையமான ஏ.ஜி.சி.ஓ.விடம் இதற்கென மேலதிக ஒப்புதலும் பெற்றிருக்க வேண்டும். உரிமமே இல்லாத கொத்துரொட்டிக் கடையில் உரிமையாளர் தலையாட்டினாலும் போத்தலைத் திறக்க முடியாது. இதைத்தான் நம்மவர்களில் பலர் தலைகீழாக விளங்கிவைத்திருக்கிறார்கள்: "அங்கே மது விற்பதில்லை, அதனால் நாங்கள் கொண்டுபோகலாம்" என்று.

கொண்டுபோவது வைனாக மட்டுமே இருக்கலாம். பியருக்கும் விஸ்கிக்கும் இந்த ஏற்பாட்டில் இடமில்லை. போத்தல் திறக்கப்படாததாகவும், வணிக ரீதியில் தயாரித்து விற்கப்பட்டதாகவும் இருக்க வேண்டும். மாமா வீட்டில் ஊறவைத்த வைன் எவ்வளவு அருமையாக இருந்தாலும் அது வீட்டோடு நிற்கட்டும்.

போத்தலைத் திறந்து, கிளாஸ் வைத்துப் பரிமாறுவதற்கு உணவகம் வாங்கும் கட்டணத்துக்கு கோர்க்கேஜ் என்று பெயர். அது எவ்வளவு என்பதை அரசு நிர்ணயிப்பதில்லை, உணவகத்தின் விருப்பம். ஒப்புதல் பெற்ற உணவகம்கூட சில நாட்களுக்கு மட்டும் என்றோ, தன் பட்டியலில் உள்ள வைனைக் கொண்டுவரக்கூடாது என்றோ சொல்லலாம். ஆகவே மேசை பதிவு செய்யும்போதே கேட்டுவிடுங்கள்: அனுமதி உண்டா, போத்தலுக்கு எவ்வளவு, எத்தனை போத்தல் வரை? மலிவான வைனைக் கொண்டுபோனால், கோர்க்கேஜையும் சேர்த்துப் பார்க்கையில் மிச்சம் பிடித்ததாக இராது. விலை கூடிய போத்தலுக்கும், ஆண்டுக்கணக்காகப் பாதுகாத்ததற்கும்தான் இது தோதானது.

போத்தல் உங்களுடையது என்பதால் மற்ற விதிகள் தளர்வதில்லை. 19 வயது நிரம்பாதவருக்கு ஊற்றக்கூடாது. ஒருவர் போதையில் இருக்கிறார் என்று பட்டால் பரிமாறுபவர் நிறுத்தியே ஆக வேண்டும். அவருடைய வேலையும் உணவகத்தின் உரிமமும் அதில் தங்கியிருக்கின்றன.

குடித்து மிஞ்சியதை வீட்டுக்கு எடுத்துவரும் வசதியும் அதே 2005இல் வந்ததுதான். உணவகத்தில் வாங்கிய வைனுக்கும் நீங்கள் கொண்டுபோன வைனுக்கும் அது பொருந்தும். ஊழியரே போத்தலைத் தக்கையால் மீண்டும் இறுக மூடித் தர வேண்டும். நீங்களே தக்கையை அரைகுறையாகச் செருகிக்கொண்டு கிளம்புவது சரிவராது. மூடித்தருவதும் உணவகத்தின் விருப்பமே, மறுத்தால் வற்புறுத்த வழியில்லை.

கவனமாக இருக்க வேண்டிய இடம் கார். ஒருமுறை திறந்த போத்தல், எவ்வளவு இறுக்கமாக மூடியிருந்தாலும், ஓட்டுநருக்கோ பயணிக்கோ எட்டும் இடத்தில் இருக்கக்கூடாது. டிக்கியில் வையுங்கள். டிக்கி இல்லாத வண்டியென்றால் பையில் போட்டுக் கட்டி, கை எட்டாத தூரத்தில் வையுங்கள்.

முழுப் போத்தலை உணவகத்திலிருந்தே வாங்கிக்கொண்டு போவது இதிலிருந்து வேறு. பெருந்தொற்றுக் காலத்தில், 2020 மார்ச்சில், தற்காலிகமாக வந்த அந்த அனுமதி அதே ஆண்டு டிசம்பரில் நிரந்தரமானது. உணவும் சேர்த்து வாங்கினால்தான் வைன் தருவார்கள். அந்த வழியில் பியரும் கிடைக்கும், மற்ற மதுவகைகளும் கிடைக்கும். வீட்டுக்குக் கொண்டுவந்து தருபவர் வயதுக்கு அத்தாட்சி கேட்டால் அடையாள அட்டையைக் காட்ட வேண்டியதுதான்.