உமிழ்வு: வட்டை விட்டுப் போவது நீரா, ஒளியா?

இளம் விண்மீன்களைச் சுற்றி வாயுவும் தூசும் சேர்ந்து கோள்கள் உருவாகும் வட்டுகளைப் பற்றி எழுதுகிறவர்கள், ஆங்கிலத்தின் ‘இன்ஃப்ராரெட் வாட்டர் எமிஷன்’ என்பதை ‘அகச்சிவப்பு நீர் வெளியேற்றம்’ என்று எழுதுவதை இனியாவது நிறுத்த வேண்டும். இங்கே எமிஷனுக்கு ‘உமிழ்வு’ என்பதே சரியான சொல். படிப்பவர், இளம் விண்மீனைச் சுற்றியுள்ள வட்டிலிருந்து தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு வெளியே போகிறது என்றே எண்ணுவார். போதாக்குறைக்கு, ‘அகச்சிவப்பு’ என்ற அடை நீரின் தலையில் ஏறி உட்கார்ந்திருக்கிறது.

எமிஷன் என்பது லத்தீன் வழிச்சொல். வெளியே அனுப்புதல் என்பது அதன் வேர்ப்பொருள். எதை அனுப்புவது என்பதைத் துறைதான் சொல்லும்: புகைபோக்கியில் வாயு, ஒளியை அலைநீளவாரியாகப் பிரித்துப் பார்க்கும் நிறமாலையியலில் ஒளி. வட்டின் மேலடுக்கில் உள்ள நீராவி மூலக்கூறு சூடேறிக் கிளர்ந்து, உயர்ந்த ஆற்றல் நிலையிலிருந்து கீழிறங்கும்போது ஒரு ஃபோட்டானை, அதாவது ஒளித்துகளை, விடுகிறது. மூலக்கூறு வட்டிலேயேதான் இருக்கிறது. அதன் வளைவு அதிர்வு 6 மைக்ரான் அலைநீளத்துக்கு அருகிலும், சுழற்சி மாற்றங்கள் 10 மைக்ரானுக்கு மேலும் கோடுகளாகத் தெரிகின்றன. மேலடுக்கு பின்னணித் தூசியைவிடச் சூடாக இருப்பதால்தான் இவை ஒளி விழுங்கப்பட்டு இருண்டு தெரியும் உட்கவர் கோடுகளாக இல்லாமல், பளிச்சென்ற உமிழ்வுக் கோடுகளாக அமைகின்றன. ‘வெளியேற்றம்’ என்றால் உட்கவர்தல், உமிழ்தல் என்ற இந்த எதிரிணை அடியோடு போய்விடும்.

இதைவிடப் பெரிய கேடு ஒன்று உண்டு. ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் மிரி என்னும் நடு அகச்சிவப்புக் கருவி காட்டிய நிறமாலைகளைக் கொண்டு 2023இல் நான்கு வட்டுகளை ஒப்பிட்டார்கள். ஜிகே டாரி, எச்பி டாரி ஆகிய இளம் விண்மீன்களின் சிறிய வட்டுகளில், சிஐ டாரி, ஐக்யூ டாரி ஆகியவற்றின் அகன்ற வட்டுகளைவிடக் குளிர்ந்த நீராவியின் உமிழ்வு மிகுதியாக இருந்தது. பனி படிந்த கூழாங்கற்கள் வெளிப்புறத்திலிருந்து உள்நோக்கி நகர்ந்து, பனி ஆவியாகத் தொடங்கும் எல்லையான பனிக்கோட்டைத் தாண்டியதும் அவற்றின் பனி ஆவியாகிறது என்பது விளக்கம். நீர் உள்ளே வருவதற்கான சான்றை ‘நீர் வெளியேற்றம்’ என்று பெயர்த்தால் கண்டுபிடிப்பே தலைகீழாகிவிடுகிறது. இளம் விண்மீன்களின் தாரைகளில் நீர் மெய்யாகவே வெளியே பாய்வதுண்டு. வெளியேற்றம் என்ற சொல்லை அதற்கு வைத்துக்கொள்ளட்டும்.

உமிழ்வு என்றால் எச்சில் நினைவு வருகிறது என்பது எதிர்த்தரப்பின் வாதம். நாகம் மணி உமிழும் என்பது சங்கப் பாடல்களிலேயே இருக்கிறது. ஒளி உமிழ் டையோடைப் பள்ளிப் பிள்ளைகள் முகஞ்சுளிக்காமல் படிக்கிறார்கள். வேறு சிலர் ‘கதிர்வீச்சு’ போதும் என்கிறார்கள். அது பொதுச்சொல், தூசு விடும் தொடர் நிறமாலையும் கதிர்வீச்சுதான். ‘கார்பன் உமிழ்வு’ பழகிவிட்டதால் ‘நீர் உமிழ்வு’ என்று மொட்டையாக எழுதினாலும் குழப்பமே. ‘நீராவியின் அகச்சிவப்பு உமிழ்வு’ என்று எழுதுங்கள். கோடுகளைச் சொல்லும்போது ‘நீராவியின் உமிழ்வுக் கோடுகள்’. ‘நீர்’ என்று மட்டும் விட்டால் திரவம் என்ற எண்ணம் வரும். அந்த வட்டுகளின் தாழ்ந்த அழுத்தத்தில் திரவ நீருக்கு இடமில்லை, பனி நேரே ஆவியாகும்.

ஆங்கிலத் தலைப்பின் சொற்களை வரிசை மாறாமல் தமிழில் அடுக்குவதால் வரும் வினை இது. எது எதை விடுகிறது என்று ஒரு முறை கேட்டுவிட்டு எழுத உட்கார்ந்தாலே இந்தத் தொடர் பிறந்திருக்காது.