ஃபைல் பாதையில் ஒற்றை மேற்கோள் வந்தால் மேக்ரோ ஏன் நின்றுவிடுகிறது?

எக்செல் மேக்ரோ, அதாவது வேலையைத் தானாகச் செய்ய எழுதி வைக்கும் சிறு புரோகிராம், மாதக்கணக்கில் ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும். யாராவது ஒரு ஃபோல்டருக்கு "கணக்கு '24" என்று பெயர் வைத்தால் போதும், 1004 என்ற பிழையோடு நின்றுவிடும். விண்டோஸுக்கு அந்தப் பெயரில் எந்தக் குறையும் தெரியாது, ஏனென்றால் அது பெயரில் தடுக்கிற குறிகள் \ / : * ? " < > | என்ற ஒன்பதுதான்.

சிக்கல் மேக்ரோ எழுதும் ஃபார்முலாவில் இருக்கிறது. வேறொரு ஃபைலிலிருந்து மதிப்பை இழுக்கும்போது எக்செல் முழுப் பாதையையும் ஒற்றை மேற்கோளுக்குள் எழுதச் சொல்கிறது, அதனால் ஃபோல்டர் பெயரில் வரும் மேற்கோளைப் பார்த்ததும் பாதை அங்கேயே முடிந்துவிட்டது என்று எடுத்துக்கொள்கிறது. அந்தக் குறியை இரண்டு முறை எழுதினால் சரியாகிவிடும், ரீப்ளேஸ் ஃபங்ஷனில் ஒரே வரி வேலை. ஆனால் இரட்டித்த அதே பாதையை ஃபைலைத் திறக்கும் கட்டளைக்குக் கொடுத்தால் ஃபைல் கிடைக்காது! அதனால்தான் பாதையை வேரியபிளில் எப்போதும் உள்ளபடியே வைத்திருங்கள் என்று அழுத்திச் சொல்கிறேன். எங்கே கொடுக்கிறோமோ அந்த இடத்துக்கு வேண்டியதை அங்கே மட்டும் செய்யுங்கள்: ஃபார்முலாவுக்கு ஒற்றை மேற்கோளை இரட்டிப்பது, வேறு புரோகிராமை இயக்கும் ஷெல் கட்டளையில் இடைவெளி உள்ள பாதையைச் சுற்றி இரட்டை மேற்கோள் போடுவது, இப்படி.

சதுர அடைப்புக்குறிக்கு இந்த வைத்தியம் பலிக்காது. ஃபார்முலாவில் ஃபைல் பெயரைக் காட்டவே எக்செல் [ ] பயன்படுத்துவதால், ஃபைல் பெயரில் அவை இருக்கவே கூடாது. # குறியும் ஹைப்பர்லிங்கில் வம்புதான், அதற்குப் பிறகு வருவதை ஃபைலுக்குள் இருக்கும் இடம் என்று எக்செல் படிக்கும்.

அப்புறம் தமிழ்ப் பெயர்கள். விண்டோஸ் ஃபைல் பெயர்களை எல்லா மொழி எழுத்துகளும் அடங்கும் யூனிகோடில் வைத்திருக்கிறது, மேக்ரோ எழுதும் மொழியான விபிஏவும் எழுத்துகளை உள்ளுக்குள் யூனிகோடாகவே வைத்திருக்கிறது, ஆனால் விபிஏ எடிட்டரும், ஃபைலைத் தேடும் டிர் ஃபங்ஷனும் பழைய கோட் பேஜ் முறையில், அதாவது சில மொழிகளின் எழுத்துகள் மட்டும் உள்ள பட்டியலை வைத்து, இயங்குகின்றன. தமிழுக்கு அப்படியொரு கோட் பேஜ் விண்டோஸில் இல்லை, எனவே பெயர் ???? என்று மாறிவிடுகிறது. போதாததற்கு, டிர் ஃபங்ஷனுக்கு ? என்றால் எந்த எழுத்தாகவும் இருக்கலாம் என்று அர்த்தம். பெயரைக் கோடில் தட்டாமல் ஒரு செல்லில் எழுதி அங்கிருந்து படியுங்கள், ஃபைல் இருக்கிறதா என்று பார்க்க டிர் வேண்டாம், ஃபைல்களைக் கையாள விபிஏவிலிருந்து அழைக்கக்கூடிய ஃபைல் சிஸ்டம் ஆப்ஜெக்ட் (FileSystemObject) தமிழ்ப் பெயரைச் சிதைக்காமல் கையாளும்.