வப்பன்: ஜெர்மானிய ஊர்களின் கேடயச் சின்னம்

வப்பன் (ஜெர்மன், பெயர்ச்சொல்): கேடய வடிவக் கட்டத்துக்குள், வரையறுத்த நிறங்களில், குறிப்பிட்ட விதிகளின்படி அமைந்த சின்னம். ஒரு குடும்பத்துக்கோ, ஊருக்கோ, நாட்டுக்கோ உரியது.

ஆயுதத்தைக் குறிக்கும் ‘வஃபே’ என்ற ஜெர்மன் சொல்லும் இதுவும் ஒரே வேரில் பிறந்தவை. தெற்கு ஜெர்மன் வட்டாரங்களில் ‘ஃப’ என்று ஒலித்தது வடக்கிலும் டச்சுப் பகுதியிலும் ‘ப’ என்று ஒலித்தது. இடைக்காலத்தில் இரண்டு வடிவங்களுக்கும் ஆயுதம் என்றே பொருள். 12ஆம் நூற்றாண்டில், இரும்புக் கவசம் முகத்தை மறைக்கத் தொடங்கியபின், எதிரே வருபவர் யார் என்று அறியக் கேடயத்தில் வரைந்த அடையாளம் தேவைப்பட்டது. ஆயுதத்தின் பெயரே அந்த அடையாளத்துக்கும் ஒட்டிக்கொண்டது. 16ஆம் நூற்றாண்டு வாக்கில்தான் வடக்கத்தி வடிவம் சின்னத்துக்கு, தெற்கத்தி வடிவம் ஆயுதத்துக்கு என்று பாகம் பிரிந்தது.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘சின்னம்’ என்று மட்டும் சொன்னால் நமக்கு முதலில் தேர்தல்தான் ஞாபகம் வரும். ‘இலச்சினை’ நல்ல சொல்தான். ஆனால் இலங்கை வழக்கில் நிறுவன லோகோவரைக்கும் அது பரவிவிட்டது. ‘முத்திரை’ பிழையாகவே போய்விடும். காவிரிப்பூம்பட்டினத்துச் சுங்கத்தில் பொதிகள்மேல் புலி பொறித்ததாகப் பட்டினப்பாலை சொல்கிறதே, அது முத்திரை. ஜெர்மன் ஊர்களிலும் முத்திரை தனி, வப்பன் தனி. பல ஊர்களில் முத்திரைதான் மூத்தது. அரக்கில் அழுத்தியதில் வடிவம் விழும், நிறம் விழாது. வப்பனுக்கோ நிறமும் கேடயமும் இல்லாமல் உயிரில்லை. அதனால் ‘கேடயச் சின்னம்’ என்பதே என் தேர்வு. ஊருடையது என்றால் ‘ஊர்க் கேடயம்’ என்று சுருக்கியும் சொல்லலாம்.

ஊர் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வதற்கும் காரணம் உண்டு. ஜெர்மன் சொல் ‘கெமைன்டே’. நம் ஊராட்சி, பேரூராட்சி, நகராட்சி எல்லாமே அதற்குள் அடங்கும். ரைன்லாந்து-பஃபால்ஸ் மாநிலத்தில் பத்துப் பேர் அளவில் வாழும் டீர்ஃபெல்டும் ஒரு கெமைன்டேதான்.

இந்தச் சின்னங்களில் எனக்கு மிகவும் பிடித்தது படமல்ல, அதை விவரிக்கும் வாசகம். மரபுப்படி அந்த வாசகம்தான் அசல். அதற்குப் பொருந்தும்வரை ஓவியர் தன் கைப்போக்கில் வரையலாம். முதலில் தளத்தின் நிறம், அப்புறம் அதன்மேல் இருப்பது. எர்ஃபுர்ட் நகரச் சின்னத்தைத் தமிழில் எழுதினால் இவ்வளவுதான்: “சிவப்பில், ஆறு ஆரக்கால் கொண்ட வெள்ளிச் சக்கரம்.” வெள்ளி என்றால் வெள்ளை, பொன் என்றால் மஞ்சள். இவை இரண்டும் ‘உலோகம்’. சிவப்பு, நீலம், கறுப்பு, பச்சை போன்றவை ‘நிறம்’. உலோகத்தின்மேல் உலோகமோ, நிறத்தின்மேல் நிறமோ வரக்கூடாது. தூரத்திலிருந்து பளிச்சென்று தெரிய வேண்டும் என்பதுதான் விதியின் நோக்கம். இன்னொரு சிக்கல்: வலம், இடம் என்பவை கேடயத்தைப் பிடித்திருப்பவனுடைய வலமும் இடமும். வாசகத்தில் ‘வலம்’ என்றிருந்தால் பார்க்கிற நமக்கு அது இடப்பக்கம்.

அந்தச் சக்கரம் எர்ஃபுர்ட்டுக்கு மட்டும் சொந்தமில்லை. அது மைன்ஸ் பேராயர்களின் சின்னம். அவர்கள் ஆண்ட பகுதிகளில் சிற்றூர்ச் சின்னங்களிலும் இதே சக்கரத்தைப் பார்க்கலாம். ஹுன்ஸ்ரூக் மலைப் பக்கம் போனால் சதுரங்கக் கட்டம் தென்படும். அது ஸ்போன்ஹைம் பிரபுக்களுடையது. யார் ஆண்ட மண் என்று கேடயத்தைப் பார்த்தே பாதி ஊகித்துவிடலாம்.

பெயரையே படமாக்குவது இன்னொரு வகை. இதற்கு ‘பேசும் சின்னம்’ என்று பெயர். எருதுத் துறை என்று பொருள்படும் ஓக்சன்ஃபுர்ட்டின் கேடயத்தில் எருது நிற்கிறது. பக்கத்திலேயே ஷ்வைன்ஃபுர்ட், பெயரில் பன்றி இருந்தும் கேடயத்தில் இருப்பது வெள்ளிக் கழுகு. நியாயமான முடிவுதான்!

பழைய பிரபுவும் இல்லை, பேசுகிற பெயரும் இல்லை என்றால்? 20ஆம் நூற்றாண்டில்தான் பல சிற்றூர்கள் முதன்முறையாகக் கேடயம் வரைந்துகொண்டன. ஆற்றுக்கு ஓர் அலைப்பட்டை, ஆலைக்கு ஒரு நீர்ச்சக்கரம், வயலுக்கு ஒரு கதிர் என்று பொதுச்சரக்கு நிறைய உண்டு. மியூனிக் அருகே கார்ஹிங் செய்தது வேறு. 1957இல் அங்கே இயங்கத் தொடங்கிய ஆய்வு அணு உலையின் முட்டை வடிவக் கூரையையே கேடயத்தில் ஏற்றிவிட்டார்கள். அலைப்பட்டைகளைவிட இந்தத் துணிச்சல் எனக்குப் பிடிக்கிறது. 1960களின் கடைசியிலும் 70களிலும் மேற்கு ஜெர்மனியில் ஊர்களை இணைத்தபோது, 24,000 அளவில் இருந்த கெமைன்டேக்கள் ஏறக்குறைய 8,500 ஆகச் சுருங்கின. இணைந்த ஊர்களில் ஒருவருக்கும் மனத்தாங்கல் வரக்கூடாதென்று எல்லாருடைய அடையாளத்தையும் ஒரே கேடயத்தில் திணித்தவர்களும் உண்டு. பத்தடி தள்ளி நின்றால் அவற்றில் ஒன்றும் விளங்காது.

சின்னத்தில் அரசியலும் கை வைத்திருக்கிறது. கோபுர்க் நகரக் கேடயத்தில் இருப்பது கறுப்பினப் புனிதராகச் சித்திரிக்கப்படும் மோரிசியஸின் தலை. நாஜிகள் 1934இல் அதை எடுத்துவிட்டு, பிடியில் ஸ்வஸ்திகா பொறித்த வாளை வைத்தார்கள். 1945இல் பழைய தலை திரும்பி வந்தது.

கடைசியாகக் கொடி. இதற்கும் ஜெர்மனில் ஒரு சொல் போதாது. கழியோடு சேர்த்து அடித்த, தனித்தன்மையுள்ள துணி ‘ஃபானே’. கயிற்றில் ஏற்றி இறக்கி, கிழிந்தால் வேறொன்று மாற்றிக்கொள்ளும் வகை ‘ஃப்ளகே’. பேச்சில் இரண்டையும் குழப்பித்தான் சொல்வார்கள். தமிழில் இரண்டுக்குமே ‘கொடி’ போதும். செங்குத்தாகத் தொங்கும் நீண்ட வகைக்குப் ‘பதாகை’ பொருந்தும். ஊர்க்கொடி பெரும்பாலும் கேடயத்தின் முக்கிய நிறங்களைப் பட்டைகளாக எடுத்து, அதன்மேல் கேடயத்தை வைத்ததாக இருக்கும். பவேரியாவில் ஓர் ஊர் புதிதாகக் கேடயமோ கொடியோ ஏற்க வேண்டுமானால் மாநில ஆவணக் காப்பகத் தலைமையின் ஆலோசனையைக் கேட்டாக வேண்டும். அப்படி ஏற்ற கேடயத்தைக் கடைக்காரர் ஒருவர் தன் சரக்கில் அச்சிட விரும்பினால், ஊராட்சியின் அனுமதி வேண்டும்.