ஏர் வெட்டிய பள்ளத்தாக்கு

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், சட்டஹூச்சி ஆற்றை மேற்கு எல்லையாகக் கொண்டது ஸ்டூவர்ட் கவுண்டி (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி). அங்குள்ள பிராவிடன்ஸ் பள்ளத்தாக்கின் ஆழம் சுமார் 150 அடி. சிவப்பு, ஆரஞ்சு, வெள்ளை எனச் சுவர்கள் அடுக்கடுக்காக நிற்கின்றன. பார்த்தால், ஏதோ ஓர் ஆறு லட்சக்கணக்கான ஆண்டுகள் குடைந்த இடம் என்றே நினைப்போம். ஆனால் இதற்கு இருநூறு வயதுகூட ஆகவில்லை. தொடங்கி வைத்தது ஏர்.

1820கள் வரை இது மஸ்கோகி பழங்குடியினரின் மண். ஒப்பந்தம் என்ற பெயரில் அது அவர்களிடமிருந்து பறிக்கப்பட்டது. 1830இல் கவுண்டி உருவானது. வந்தவர்கள் காட்டை வெட்டி, அடிமைகளைக் கொண்டு பருத்தி விளைவித்தார்கள். சரிவுக்குக் குறுக்கே வரப்பு போட்டு நீரைத் தடுக்கும் வழக்கம் அங்கே இல்லை. வேர்ப்பிடிப்பு இல்லாத மண்ணில் மழை விழுந்ததும், நீர் சால்களில் ஒன்றுகூடி வேகமெடுத்தது. 1850 வாக்கில் மூன்று முதல் ஐந்து அடி ஆழத்துக்கு ஓடைகள் விழுந்துவிட்டன.

அந்த அளவுப் பள்ளம் அமெரிக்கத் தென்மாநிலங்களில் எத்தனையோ இடங்களில் உண்டு. இங்கே மட்டும் ஏன் இவ்வளவு ஆழம்? மேலே களிமண் கலந்த செம்மண் மூடிபோல் கிடக்கிறது. அதன் கீழே, சுமார் 7 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலோரத்தில் படிந்த மணல். அது சரியாக இறுகவே இல்லை. மூடி அறுபட்டதும் நீர் மணலை அரித்துக்கொண்டு போகிறது. அடியில் பிடிமானம் போன சுவர் சரிகிறது. சரிந்ததை அடுத்த மழை அள்ளிச் செல்கிறது. நீர் கீழ்நோக்கி ஓட, பள்ளம் மேட்டை நோக்கி ஏறுகிறது. ஆகவே உழவரை மட்டும் குறை சொல்வது பாதிக் கதைதான்.

பள்ளத்தாக்குக்குப் பெயர் தந்த பிராவிடன்ஸ் தேவாலயத்தையே 1859இல் சாலைக்கு மறுபுறம் புதிதாகக் கட்டவேண்டி வந்தது. இப்போது பள்ளத்தின் அடி கெட்டியான களிமண் அடுக்கைத் தொட்டுவிட்டதால் ஆழமாவது மந்தமாகி, பள்ளம் பக்கவாட்டில் அகலமாகிறது.

1930களில் ஒரு வேடிக்கை நடந்தது. மண் அரிமானத்துக்கு இதைவிட மோசமான உதாரணம் இல்லை என்று மண்வளக்காரர்கள் சுட்டிக்காட்டிய அதே காலத்தில், இதைத் தேசியப் பூங்காவாக்கச் சொல்லி உள்ளூர்க்காரர்கள் முயன்றார்கள். அது கைகூடவில்லை, 1971இல் மாநிலப் பூங்கா ஆனது. 1850இல் சுமார் 16,000 பேர் இருந்த கவுண்டியில் 2020 கணக்கெடுப்பின்படி 5,300 பேர்தான். பருத்தி போய்விட்டது. வெளியூர்க்காரர்களை இங்கே இழுப்பது இன்று அந்தப் பள்ளம்தான்.