ஃபேர் சேஸ்: தமிழில் நெறிவேட்டை

வில்வேட்டைக்காரர்கள் தங்கள் பக்க நியாயத்தைச் சொல்லும்போது அடிக்கடி எடுத்துவைக்கும் சொல் ‘ஃபேர் சேஸ்’. விலங்கு காட்டில் தன்போக்கில் திரிய வேண்டும், அது தப்பிக்க உண்மையான வாய்ப்பு இருக்க வேண்டும், வேட்டையாடுபவர் முறையற்ற சாதகம் எதையும் எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது பொருள்.

‘சேஸ்’ பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. பிடிப்பதைக் குறிக்கும் லத்தீன் வினைதான் மூலம். ‘கேட்ச்’ அதன் உடன்பிறப்பு. ‘ஃபேர்’ முதலில் அழகைத்தான் குறித்தது, நியாயம் பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டது.

இந்தச் சேர்க்கைக்குத் திட்டமான வரையறை கிடைத்தது அமெரிக்காவில். பிற்பாடு அமெரிக்க அதிபரான தியோடர் ரூஸ்வெல்ட் 1887-இல் தொடங்கிய வேட்டைக்காரர் சங்கமான பூன் அண்ட் கிராக்கெட் கிளப், நீந்தும் விலங்கைப் படகிலிருந்து கொல்வதும், ஆழமான பனியில் சிக்கிய மானை அடிப்பதும், கரடியைப் பொறிவைத்துக் கொல்வதும் இதில் சேராது என்று விதி எழுதியது. 1961-இல் உருவான போப் அண்ட் யங் கிளப் இதே கருத்தை வில்வேட்டைக்குக் கொண்டுவந்தது.

வில்லின் ஈர்ப்பும் இதில்தான். துப்பாக்கிக்கு நூறு மீட்டர் சாதாரணம். மரபு வில் என்றால் ஏறக்குறைய இருபது மீட்டருக்குள் நெருங்கியாக வேண்டும். காற்று திசை மாறினால் மான் மோப்பம் பிடித்துவிடும். நாணின் ஓசை கேட்டதும், அம்பு வந்து சேர்வதற்குள் உடலைத் தாழ்த்தியும் விடும். வெறுங்கையோடு திரும்புவதே வழக்கம். அதில்தான் சுகம் என்பார்கள்.

சரி, சொல்லின் ஓட்டையும் அங்கேயே தெரிகிறது. அது தப்பிக்கும் வாய்ப்பை அளக்கிறது, வலியை அளப்பதில்லை. அம்பு கொல்வது ரத்தப்போக்கால். நுரையீரலில் பாய்ந்தால் மான் சீக்கிரமே சாயும்; வயிற்றில் பட்டால் மணிக்கணக்கில் இழுத்துக்கொண்டு கிடக்கும். உடலைத் தாழ்த்தியது தப்பிக்கும் வாய்ப்பு என்றால், அதனாலேயே அம்பு இடம் மாறிப் பாய்வதும் அந்த வாய்ப்போடு சேர்ந்ததுதானே? பிரிட்டனில் 1981-ஆம் ஆண்டுச் சட்டம் காட்டு விலங்குகளை வில்லால் கொல்வதைத் தடுக்கிறது. மான் வேட்டைக்குத் துப்பாக்கி அங்கே செல்லும்.

அப்புறம், தமிழ்ச் சொல். ‘நியாயமான துரத்தல்’ ஒத்துவராது. வில்லோடு போகிறவர் பெரும்பாலும் ஒளிந்து காத்திருக்கிறார், துரத்துவதில்லை. ‘அறவேட்டை’ அறப்போர் போலக் கம்பீரமாக ஒலிக்கிறது, ஆனால் முடியாத வழக்கை வேட்டைக்காரர் பக்கம் முடித்துவைத்துவிடுகிறது. ‘நெறிவேட்டை’ என்பதே என் தேர்வு. விதிக்கு உட்பட்டது என்ற அளவில் அது நின்றுகொள்கிறது. வேலியடைத்த நிலத்தில் தப்ப வழியில்லாத மானை வில்லால் எய்தாலும் அது நெறிவேட்டை ஆகாது.