கிரேடிங்குக்கு ஒரு மாதம் இருக்கும்போது மரவாளைத் தேடாதீர்கள்

ஐகிடோ என்கிற ஜப்பானியத் தற்காப்புக் கலையில் அடுத்த நிலைக்குப் போவதற்கான தேர்வுதான் கிரேடிங். அதன் தேதியைச் சொன்ன மறுநாளே டோஜோவில், அதாவது பயிற்சிக்கூடத்தில், ஒரு மாற்றம் தெரியும். அதுவரை சுவரோரம் சாய்ந்து கிடந்த மரவாளுக்கும் கோலுக்கும் திடீரென்று கிராக்கி வந்துவிடும். வகுப்பு முடிந்த பிறகும் நாலு பேர் நின்று வீசிக்கொண்டிருப்பார்கள், ஒருவர் கையில் வீடியோ ஓடும், இன்னொருவர் எண்களைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே கோலைச் சுழற்றுவார். அந்த ஆர்வத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அடுத்த மூன்று வாரத்துக்குள் முழங்கை வலி, வீங்கிய விரல், நெற்றியில் ஒரு புடைப்பு என்று யாராவது வந்து நிற்பதும் வழக்கமாகிவிட்டது. ஐகிடோ கற்றுக்கொடுக்கிறவனாகவும் தேர்வுக் குழுவில் உட்கார்ந்தவனாகவும் பார்த்ததை வைத்து இதை எழுதுகிறேன்.

முதலில் உங்கள் அமைப்பின் பாடத்திட்டத்தை எழுத்தில் வாங்கிப் படித்துவிடுங்கள். ஐகிடோவில் எல்லோருக்கும் பொதுவான ஒரே தேர்வு கிடையாது. இந்தக் கலையை உருவாக்கிய மொரிஹெய் உவேஷிபா 1942இல் இபராகி மாவட்டத்தின் இவாமாவுக்குக் குடிபோய், அங்கே வாளையும் கோலையும் வெறுங்கை உத்திகளோடு சேர்த்தே பழகினார். 1946இல் அவரிடம் சேர்ந்த மொரிஹிரோ சைட்டோ, 1969இல் உவேஷிபா மறையும்வரை பக்கத்திலேயே இருந்து, அந்தப் பயிற்சியைப் பின்னால் வருகிறவர்கள் படிக்கும்படி வரிசைப்படுத்தினார். வாளுக்கு 7 சூபுரி (தனியாகப் பழகும் அடிப்படை வீச்சு, குத்து), கோலுக்கு 20 சூபுரி, 13 அசைவு, 31 அசைவு கட்டா (வரிசை மாறாத அசைவுத் தொடர்) என்று இன்று நாம் எண்ணுவதெல்லாம் அவர் வகுத்தது. டோக்கியோவில் உள்ள தலைமை டோஜோவின் பொது வகுப்புகளில் ஆயுதத்துக்கு அந்த அளவு இடம் கிடையாது. அதனால் சில அமைப்புகளில் கறுப்புப் பட்டைக்கு முந்தைய ஆரம்பக் கியூ நிலைகளிலேயே சூபுரி கேட்பார்கள், சிலவற்றில் கறுப்புப் பட்டையான டான் நிலைக்கு வந்த பிறகுதான் கத்தி, கோல், வாள் பிடுங்குவது வரும். பக்கத்து டோஜோ நண்பர் சொன்னதை நம்பித் தயாரானவர்கள் தேர்வன்று முழிப்பதைப் பார்த்திருக்கிறேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வருடம் முழுக்க வெறுங்கை உத்திகளை மட்டும் பழகிவிட்டு ஆயுதப் பகுதியைக் கடைசி மாதத்தில் மனப்பாடம் செய்கிறவர்களுக்கு, ஆயுதப் பகுதி சுமாராக வருவது சின்ன இழப்புதான். அவர்களுடைய வெறுங்கை உத்தியே அரைகுறையாக நின்றுவிடுகிறது. பெரிய இழப்பு அது. காரணம், தூரம். மாஆய் என்று எல்லோரும் வாயால் சொல்கிறோம், ஆனால் கைக்கு எதிராகக் கை வரும்போது தூரத்தில் ஒரு சாண் தப்பினாலும் சமாளித்துவிடலாம், கூட்டாளியும் நல்லவராக இருந்தால் தப்பே தெரியாமல் போய்விடும். மரம் அப்படி விடாது.

நான் வகுப்பில் செய்வது இது. தலைக்கு நேராக இறங்கும் அடியை எதிர்கொண்டு கையைக் கட்டுப்படுத்தும் ஷோமென்உச்சி இக்யோவை வழக்கம்போலச் செய்யச் சொல்வேன். பெரும்பாலானவர்கள் அடி இறங்கும்வரை நின்ற இடத்திலேயே காத்திருந்து, தலைக்கு மேலே கையைப் பிடித்து, அங்கிருந்து தள்ளுவார்கள். அப்புறம் உகேயின், அதாவது தாக்க வந்து உத்தியை வாங்கிக்கொள்கிற கூட்டாளியின், கையில் போக்கன் என்கிற மரவாளைக் கொடுத்து, மெதுவாக, ஆனால் உண்மையிலேயே தலைக்கு நேராக இறக்கச் சொல்வேன். மரவாள் சுமார் ஒரு மீட்டர் நீளம், அதனால் காத்திருந்தவருக்குக் கை எட்டுவதற்கு முன்பே வாள் நுனி நெற்றிக்கு முன்னால் வந்து நின்றுவிடும். வாள் மேலே எழும்போதே உள்ளே நுழைந்தாக வேண்டும், இல்லையென்றால் வாள் இறங்கும் கோட்டிலிருந்து விலகியாக வேண்டும், மூன்றாவது வழி இல்லை என்று உடம்புக்குப் புரிய பத்து நிமிடம் போதும். போக்கனை வாங்கி வைத்துவிட்டு மறுபடி வெறுங்கையில் செய்யச் சொன்னால் அதே ஆளின் இக்யோ வேறு மாதிரி இருக்கும், தோள் இறங்கியிருக்கும், கால் முன்னால் போயிருக்கும். இதை நான் வாயால் பத்து வகுப்பு சொல்லியும் வராதது.

இதில் உகேயின் பங்கு பெரியது. இரக்கப்பட்டு வாளைப் பக்கத்தில் இறக்குகிறவர்களும், தலைக்கு ஒரு அடி முன்பே நிறுத்திவிடுகிறவர்களும் கூட்டாளிக்கு உதவுவதாக நினைக்கிறார்கள். வேகத்தைக் குறையுங்கள், குறியை மாற்றாதீர்கள். அவர் நகரவில்லை என்றால் நெற்றிக்கு அருகில் நிறுத்தும் கட்டுப்பாடு உங்களிடம் இருக்க வேண்டும், அந்தக் கட்டுப்பாடு சூபுரியில்தான் வரும்.

சூபுரி என்றதும் முழங்கை. தேர்வு நெருங்குகிறதே என்று தினம் ஐநூறு, ஆயிரம் வீச்சு என்று இறங்கிவிடுகிறார்கள், அதுவரை வாரத்துக்கு ஐம்பதுகூட வீசாதவர்கள். தசைநார் அந்த வேகத்தில் பழகாது. பெரும்பாலும் தப்பு பிடியிலும் இருக்கும், வலது கையால் இறுக்கிப் பிடித்து, அந்தக் கையாலேயே வீசி, அதனாலேயே நிறுத்தவும் செய்வார்கள். பலம் இடது கையிலிருந்து வர வேண்டும், வலது கை வழிகாட்டினால் போதும். சுண்டுவிரலும் மோதிரவிரலும் பிடிக்கட்டும், ஆள்காட்டி விரல் தளர்ந்திருக்கட்டும். வாள் நிற்கும் கணத்தில் ஈரத்துணியைப் பிழிவதுபோல இரண்டு கையும் உள்பக்கமாகத் திரும்பி, உடனே தளர வேண்டும். முழங்கையின் வெளிப்பக்கத்தில் வலி ஆரம்பித்து, ஒரு டம்ளரைத் தூக்கும்போதும் குத்துகிறது என்றால் வீச்சை நிறுத்துங்கள். சில நாள் ஓய்விலும் குறையவில்லை என்றால் மருத்துவரிடமோ பிசியோதெரபிஸ்டிடமோ காட்டுங்கள். கட்டுப் போட்டுக்கொண்டு தொடர்ந்து வீசி, ஆறு மாதம் எதையும் பிடிக்க முடியாமல் போன மாணவர் ஒருவர் எனக்கு உண்டு. தினம் முப்பது வீச்சு, வருடம் முழுக்க. தேர்வுக்கு அது தாராளம்.

கட்டாவைப் பற்றி ஒன்று மட்டும். 31 அசைவுகளையும் முதலிலிருந்து கடைசிவரை ஒரே மூச்சில் செய்கிறவரிடம் பன்னிரண்டாவதிலிருந்து ஆரம்பியுங்கள் என்றால் பாதிப் பேருக்குக் கை ஓடாது. நடுவிலிருந்து ஆரம்பித்துப் பழகுங்கள். எதிரில் ஒருவரை நிறுத்தி ஒவ்வொரு அசைவும் எந்தக் குத்துக்கு, எந்த வெட்டுக்குப் பதில் என்று கேட்டுக்கொண்டால் மறப்பது தானாகக் குறையும்.

இப்போது நான் அதிகம் கவலைப்படும் இடம், ஷிஹோநாகே. பிடித்த கையை வாளை உயர்த்துவதுபோல நெற்றிக்கு முன்னால் கொண்டுவந்து, அடியில் புகுந்து திரும்பி, வாளை இறக்குவதுபோல நேராக வெட்டுவது அந்த உத்தி. வாள் பழகியவரின் கை எப்போதும் தன் நடுக்கோட்டிலேயே இருக்கும். பழகாதவர் திரும்பிய பிறகு உகேயின் கையை வெளிப்பக்கமாக இழுத்துவிடுவார், அப்போது உகேயின் தோளும் முழங்கையும் ஒரே நேரத்தில் முறுக்கிக்கொள்ளும். அதைவிட மோசம், கையைத் தோளோடு மடக்கிப் பிடித்தபடியே வேகமாகக் கீழே அடிப்பது. கை பூட்டிக்கிடப்பதால் உகேயால் உருள முடியாது, தரையைத் தட்டிக்கொள்ளவும் முடியாது, பின்மண்டை நேராகத் தரையில் மோதும். இளைஞனாக இருந்தபோது ஒரு தேர்வில் என்னை இப்படித்தான் போட்டார்கள். போட்டவர் பாஸானார். அன்று மாலை முழுக்கத் தலை சுற்றிக்கொண்டிருந்தும் நான் யாரிடமும் சொல்லவில்லை, தேர்வு நடத்தியவர்களும் கேட்கவில்லை. அது எவ்வளவு பெரிய தப்பு என்று பிறகுதான் புரிந்தது.

ஆகவே இதைத் தெளிவாக எழுதுகிறேன். உகேயின் மடங்கிய கையை அவருடைய தோளுக்கு அருகிலேயே வைத்து, உங்கள் முன்னால், அவர் உட்கார்ந்து பின்னால் சாய நேரம் கொடுத்து இறக்குங்கள். உகே தாடையை மார்போடு ஒட்டி வைத்துக்கொள்ள வேண்டும். யாருக்காவது தலையில் அடிபட்டால், பரவாயில்லை என்று அவர் சொன்னாலும் அன்றைக்குப் பயிற்சி முடிந்தது, தேர்வும் முடிந்தது. அதிகமாகும் தலைவலி, வாந்தி, குழப்பமான பேச்சு, அசாதாரணத் தூக்கம், ஒரு கை அல்லது காலில் பலவீனம், இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே மருத்துவமனை. தனியாக வீட்டுக்கு அனுப்பாதீர்கள்.

அடுத்தது கத்தி. தாந்தோ என்கிற மரக்கத்தி சுமார் 30 சென்டிமீட்டர்தான், அதனாலேயே அதை எல்லோரும் லேசாக எடுத்துக்கொள்கிறார்கள். தேர்வில் நான் அடிக்கடி காண்பது, அழகாகக் கோதேகாயெஷி (மணிக்கட்டைத் திருப்பி வீழ்த்தும் உத்தி) போட்டு, உகே கீழே விழுந்ததும் கத்தியை அவர் கையிலேயே விட்டுவிட்டு எழுந்து நிற்பது. கத்தியை வாங்கி விலகி நின்றால்தான் உத்தி முடியும். இன்னொன்று கொக்யோ என்கிற ஐந்தாவது உத்தி. இக்யோவைப் போலவே தெரிந்தாலும் மணிக்கட்டைப் பிடிக்கும் விதம் தலைகீழ், வழக்கமான பிடியில் கத்தி உங்கள் முன்கையைக் கிழிக்கும் என்பதால்தான் அப்படி வைத்திருக்கிறார்கள். கத்தி இல்லாமல் மட்டும் பழகியவருக்கு இந்த வித்தியாசம் வெறும் நினைவாற்றல் சோதனையாகத் தெரிகிறது, பாவம்.

தாந்தோதோரியில், அதாவது கத்தி பிடுங்கும் பகுதியில், நல்ல மதிப்பெண் வாங்கியதால் நிஜக் கத்தியைச் சமாளிக்க முடியும் என்று தயவுசெய்து நம்பாதீர்கள். தேர்வில் ஒரே ஒரு குத்து, முன்பே தெரிந்த திசையில், குத்திய கை நீண்டபடி நிற்கும். நிஜத்தில் கை உடனே பின்வாங்கும், மறுபடி மறுபடி வரும், வந்தவர் கத்தியைக் காட்டிவிட்டுத்தான் குத்துவார் என்பதும் இல்லை. ஓட வழி இருந்தால் ஓடுங்கள், கேட்பது பணம் என்றால் கொடுத்துவிடுங்கள். இதை என் மாணவர்களிடம், முக்கியமாகப் பதின்வயதுப் பிள்ளைகளிடம், ஒவ்வொரு முறை மரக்கத்தியைக் கையில் கொடுக்கும்போதும் சொல்கிறேன், சலிக்கிறது என்று அவர்கள் முகம் சொன்னாலும் விடுவதில்லை.

தேர்வு நாள் பதற்றத்துக்கு ஒரு சின்ன வழி. ஜப்பானியப் பெயர்கள் பொதுவாக ஒரே வரிசையில்தான் வரும், முதலில் தாக்குதல், பிறகு உத்தி, கடைசியில் ஓமோதே (முன்பக்கமாக நுழைவது) அல்லது உரா (பின்பக்கமாகத் திரும்புவது). முதல் சொல்லைக் கேட்டதுமே உகே எப்படி வருவார் என்று தெரிந்துவிடும், அங்கே கால் வைக்க ஆரம்பியுங்கள், முழுப் பெயரும் காதில் விழும்வரை சிலையாக நிற்க வேண்டாம். தப்பான உத்தி வந்துவிட்டால் முடித்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். குழுவில் உட்கார்ந்து நான் முதலில் கவனிப்பது எறிந்த பிறகு உகே எப்படி எழுகிறார் என்பதை. அவர் தோளைத் தடவிக்கொண்டு எழுந்தால் என் பேனா அங்கே நிற்கும்.

தேர்வுக்கு முந்தைய இரவு உங்கள் போக்கனையும் ஜோ என்கிற கோலையும் வெளிச்சத்தில் பிடித்து முழு நீளத்துக்கும் விரலால் மெதுவாகத் தடவிப் பாருங்கள். சிலாம்பு நீட்டிக்கொண்டிருந்தால் உப்புத்தாளால் தேய்த்துவிடலாம். மரத்தின் இழையோடு நீளமாக ஒரு கீறல் ஓடினாலோ, தட்டும்போது சத்தம் மந்தமாகக் கேட்டாலோ அதை டேப் சுற்றிக் காப்பாற்றப் பார்க்காதீர்கள், மோதும்போது உடைந்து பறக்கிற துண்டு எதிரில் நிற்பவரின் கண்ணுக்குத்தான் போகும். வேறொன்றை இரவல் வாங்கிக்கொள்ளுங்கள், டோஜோவில் கேட்டால் யாராவது கொடுப்பார்கள்.